வெள்ளைக்கால் மாடு: கோலாலம்பூரில் ஆறு நாள்

முதல் நாள்

குன்னூரில் டாக்சி வந்து நின்றபோது இரவு பதினொன்றரை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தால், படிக்கட்டுக்குக் கீழே காட்டுமாடு படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கிறது. டிரைவர் விளக்கை அணைத்துவிட்டார். நானும் கதவைச் சாத்திக்கொண்டேன். பத்து நிமிடம் கழித்து அதுவாக எழுந்து, கேரட் தோட்டத்து வேலியை ஒட்டி நடந்து போனது. எங்கள் ஊரில் இதெல்லாம் செய்தியே இல்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கும், பள்ளிக்கூட மைதானத்தில் மேயும், மிரண்டால் ஆளையும் முட்டும். காட்டெருமை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அது எருமை இல்லை, மாட்டு இனம். பழந்தமிழில் ஆமா என்று அதற்குத் தனிப்பெயரே உண்டு.

இருபத்திரண்டு வருடமாகக் கால்நடை ஆய்வாளர் வேலை பார்க்கிறேன். ஊரில் 'சினை ஊசி அம்மா' என்றால்தான் என்னைத் தெரியும். உறைந்த காளை விந்து வைத்த நைட்ரஜன் கேனை வண்டியில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவதுதான் பிழைப்பு. இந்தத் தடவை பொங்கலுக்கு லீவு போட்டுவிட்டு, அப்பாவின் பெரியப்பா மகன் வீட்டுக்குக் கோலாலம்பூர் வந்திருக்கிறேன். எனக்குப் பெரியப்பா முறை. அவர் மகள், என் தங்கை, இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் காட்டு விலங்குகளின் மரபணு ஆராய்ச்சி செய்கிறாள். "அக்கா, நீங்க மாட்டுக்குப் பண்றதத்தான் நானும் பண்றேன், ஆனா மாட்டைப் பார்க்காமலே" என்று போன மாதம் போனில் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைதான் என்னை இங்கே இழுத்து வந்தது.

கேஎல் சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வந்தேன். பூக்கடை, கரும்புக் கட்டு, கோலமாவு, மண்பானை. தாகத்துக்குக் கடையில் ரெட் புல் வாங்கினேன். டப்பாவில் முட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு சிவப்பு மாடுகளும் நம் காட்டுமாடுதான். தாய்லாந்தில் இதன் மூலப் பெயர் கிராத்திங் டேங், அதாவது சிவப்புக் காட்டுமாடு. டப்பாவில் நாடு நாடாகப் பறக்கிற மாடு, காட்டில் எத்தனை மிச்சம் என்ற கேள்வி அங்கேயே தொடங்கிவிட்டது. பெரியப்பா காடியோடு (இங்கே காருக்கு அதுதான் பெயர்) வந்து, "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்டபடி பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

இரண்டாம் நாள்

பெரியப்பா வீடு செந்தூலில், அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. அவருக்கு வயது எழுபத்தொன்று. பிறந்தது பகாங்கில், தெமர்லோ பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். காலையில் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே, கேட்காமலே சொன்னார்.

"அப்போ எனக்குப் பத்து வயசு இருக்கும்மா. அஞ்சு மணிக்குப் பெரட்டு, பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுவாங்க. அது முடிஞ்சதும் அம்மா ரப்பர் மரம் வெட்டுக்குப் போவாங்க, நான் பால் வடியற மங்கு தூக்கிட்டுப் பின்னாலயே போவேன். எங்க நெரைதான் கடைசி, அதத் தாண்டினா காடு. ஒருநாள் அம்மா திடீர்னு என் தலையை அமுக்கி உக்கார வச்சிட்டாங்க. எதிர்ல இருட்டுக்குள்ள வெள்ளையா நாலு கால் நடக்குது. காலு மட்டும்தான். ஒடம்பே தெரியல. அப்புறம் இன்னும் நாலு. அப்புறம் சின்னதா நாலு. நான் பேயின்னு நெனச்சிட்டேன். அம்மா மெதுவா 'செலாடாங்'னு சொன்னாங்க."

செலாடாங் என்பது காட்டுமாட்டுக்கு மலாய்ப் பெயர். கருத்த உடம்பு, முட்டிக்குக் கீழே மட்டும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி. விடியாத நேரத்தில் கறுப்பு கறுப்போடு கரைந்துவிடும், வெள்ளை மட்டும் மிதக்கும். தினமும் பார்க்கிற எனக்கே இது இதுவரை தோன்றியதில்லை.

அதற்குப் பிறகு பெரியப்பா செலாடாங்கைப் பார்த்ததில்லை. அவர் இருந்த தோட்டம் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டமாகிவிட்டது, பின்னால் இருந்த காடும் இல்லை. தீபகற்ப மலேசியாவில் இப்போது செலாடாங் சில நூறுதான். பகாங்கின் ஜெண்டெராக் செலாத்தானிலும் பேராக்கின் சுங்கையிலும் வனவிலங்குத் துறை அவற்றைப் பட்டியில் வைத்துப் பெருக்கப் பார்க்கிறது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாட யாருக்கும் உரிமம் கிடையாது. அதன் தம்பி முறையான பான்டெங் என்ற காட்டு மாடோ தீபகற்பத்தில் அடியோடு போய்விட்டது. இனி அது மலேசியாவில் இருப்பது போர்னியோவின் சபாவில் மட்டும்தான். உலக அளவில் 2024-இல் பான்டெங்கை 'மிக அருகிய இனம்' என்ற பட்டியலுக்கு நகர்த்திவிட்டார்கள்.

நான் செல்போனில் எங்கள் தெரு மாடுகளைக் காட்டினேன். பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார். "இத்தனை இருக்கேம்மா. நாலை ஏரோப்ளேன்ல ஏத்தி இங்க அனுப்ப முடியாதா?"

கேள்வி நியாயமானது. என்னிடம் பதில் இல்லை. நாளைக்குத் தங்கையிடம் கேட்க வேண்டும்.

மூன்றாம் நாள், போகி

இன்று முழுக்க ஆய்வுக்கூடம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தங்கை கையுறை போட்டு, உறைபெட்டியைத் திறந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள். கட்டைவிரல் நீளம். உள்ளே சாராயத்தில் மூழ்கிய கரும்பச்சைத் துணுக்கு. "இதுதான்க்கா செலாடாங்" என்றாள். சாணம்! இருபத்திரண்டு வருடமாகச் சாணத்தில் கைவிடுகிறவள் நான், இப்படி அதைப் பத்திரமாகப் பார்த்ததே இல்லை.

மாடு சாணம் போடும்போது குடலின் உள்தோல் செல்கள் அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வரும். புதுச் சாணத்தின் மேலே பளபளப்பாகச் சளி மாதிரி ஒரு படலம் இருக்கும் இல்லையா, அதில்தான் விஷயம். உள்ளே தோண்டினால் வெறும் புல்லின் மரபணுதான் கிடைக்கும். காட்டுக்குள் உப்பு மண் நக்க மாடுகள் வரும் இடங்களில் போய்த் தேட வேண்டும். ஒரு மழை பெய்தால் போச்சு, வெயிலில் கிடந்தாலும் போச்சு. அட்டைக்கடியோடு நான்கு நாள் அலைந்து எடுத்து வந்ததில் பாதி வீணாகும் என்றாள்.

மிச்சத்தில் இருந்து மரபணுவைப் பிரித்து, பல மடங்கு பெருக்கி, இயந்திரத்துக்குள் விட்டால் திரையில் மலைமுகடு போலக் கூர்முனைகள் எழும். அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு முனை வர வேண்டும். ஒன்று தாய் கொடுத்தது, ஒன்று தகப்பன் கொடுத்தது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஒற்றை முனையாக நிற்கும். ஓரிரு இடத்தில் அப்படி இருந்தால் பரவாயில்லை. இடத்துக்கு இடம் ஒற்றையாகவே வந்தால், தாயும் தகப்பனும் நெருங்கிய சொந்தம் என்று அர்த்தம். அவள் விரல் திரையில் நகர்ந்தது. இரண்டு, ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று, ஒன்று.

எனக்கு உடனே புரிந்தது. பள்ளிப் பாடமே வேண்டாம், இது எங்கள் தொழிலில் தினம் பார்ப்பது. சினை ஊசி அட்டையில் காளை எண்ணைக் குறிப்பதே அதற்குத்தானே. தகப்பன் காளையின் விந்தை மகள் கிடேரிக்குப் போட்டுவிடக் கூடாது. போட்டால் கன்று நோஞ்சானாகப் பிறக்கும், சினை நிற்காது, சின்னக் காய்ச்சலுக்கே விழுந்துவிடும். எங்கள் தாத்தா காலத்தில் ஊசியும் இல்லை, அட்டையும் இல்லை. ஆனாலும் பொலிகாளையை மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை சந்தையில் மாற்றிவிடுவார்கள். தன் வீட்டில் பிறந்த காளையைத் தன் வீட்டுப் பசுவோடு விட மாட்டார்கள். இதை யாரும் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

காட்டில் அந்த மாற்றத்தை மாடுகளே செய்துகொள்ளும். வளர்ந்த காளை மந்தையை விட்டுப் பிரிந்து தனியாக அலையும், வேறு மந்தையில் போய்ச் சேரும். நடுவில் நெடுஞ்சாலையும் செம்பனைத் தோட்டமும் அணையும் வந்துவிட்டால் காளைக்குப் போக வழி இல்லை. மந்தை அங்கேயே இருக்கும், கன்றும் போடும், எண்ணிப் பார்த்தால் தலை குறைந்திருக்காது. ஆனால் உள்ளே வற்றிக்கொண்டே வரும். நான் இத்தனை நாளும் ஒரு இனம் பிழைக்குமா என்பதைத் தலையெண்ணி முடிவு செய்யலாம் என்றே நினைத்திருந்தேன். தப்பு. எத்தனை தலை என்பதை விட எத்தனை வழி என்பதுதான் கேள்வி.

ஐரோப்பியக் காட்டெருதின் கதையைச் சொன்னாள். 1920-களில் அது காட்டில் ஒன்றுகூட இல்லாமல் போனது. மிருகக்காட்சிச் சாலைகளில் மிஞ்சியவற்றை வைத்துப் பெருக்கினார்கள். இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் அத்தனையும் வெறும் 12 மாடுகளின் வாரிசுகள். ஆஸ்திரேலியாவின் வடக்கு முனையில் கோபர்க் தீபகற்பத்தில் ஆயிரக்கணக்கில் திரியும் பான்டெங்குகளும் அப்படித்தான். 1849-இல் ஆங்கிலேயக் குடியிருப்பு ஒன்றுக்குக் கொண்டுவந்த 20 மாடுகள்தான் மூலம். குடியிருப்பை அதே வருடம் கைவிட்டார்கள், மாடுகள் காட்டில் தங்கிவிட்டன. பிழைத்துத்தான் இருக்கின்றன, ஆனால் மரபணுப் பன்மை மிகவும் குறைவு. நல்ல காலம் நீடிக்கும் வரை அது தெரியாது. புது நோய் வந்தால்தான் தெரியும்.

நோய் என்றதும் எனக்கு முதுமலை ஞாபகம். 1968-இல் முதுமலையிலும் பந்திப்பூரிலும் வெக்கை நோய் புகுந்து காட்டுமாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததை, எங்கள் துறைப் பெரியவர்கள் பயிற்சியில் சொல்லுவார்கள். வெக்கை நோயை உலகத்தை விட்டே ஒழித்தாயிற்று என்று 2011-இல் அறிவித்தார்கள். இன்று கோமாரி இருக்கிறது, தோல் கழலை நோய் இருக்கிறது. 2021-இல் தாய்லாந்தின் குயிபுரி காட்டுமாடுகளுக்கே தோல் கழலை வந்தது. மந்தையில் பத்து விதம் இருந்தால் அதில் இரண்டு விதமாவது தாங்கும். எல்லாம் ஒரே விதம் என்றால் விழுவதும் ஒன்றாகத்தான்.

சரி, பெரியப்பா கேள்வி. குன்னூரில் இருந்து நாலு அனுப்பினால் என்ன?

தங்கை சிரிக்கவில்லை. தாளை எடுத்து மூன்று எண் எழுதினாள். 60, 58, 56. வீட்டு மாட்டுக்கு 60 குரோமோசோம். நம் ஊர்க் காட்டுமாட்டுக்கு 58. மலேசியச் செலாடாங்குக்கு 56 என்று ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. தனித்தனியாக இருந்த குரோமோசோம்கள் காலப்போக்கில் ஒட்டிக்கொண்டதால் எண்ணிக்கை குறைகிறது. 58-ஐயும் 56-ஐயும் சேர்த்தால் கன்றுக்கு 57 வரும், ஜோடி சேராத ஒன்று தொங்கும். கன்று பிறக்கலாம். ஆனால் இந்த மண்ணில் மட்டும் விளைந்த ஒன்று அத்தோடு கலைந்துவிடும். 1907-இல் இதைத் தனிக் கிளையாகப் பிரித்துப் பெயர் வைத்தபோது, தியோடர் ஹப்பாக் என்பவரின் பெயரைச் சேர்த்தார்கள். வேட்டைக்காரராக இருந்து பிறகு காட்டைக் காப்பதற்கே வாழ்நாளைக் கொடுத்தவர். இன்றைய தாமான் நெகாரா தேசியப் பூங்கா அமைய முன்னின்று போராடியவர்.

வீட்டுப் பசுவோடு செலாடாங் காளையைச் சேர்த்தும் முன்பு பார்த்திருக்கிறார்கள். அந்தக் கலப்புக் கன்றுக்கு 'செலெம்பு' என்று பெயர். செலாடாங்கும் லெம்புவும் சேர்ந்தது; லெம்பு என்றால் மலாயில் வீட்டு மாடு. கறிக்கு அது ஆகலாம். காட்டைக் காப்பாற்ற ஆகாது.

சபா பான்டெங்கின் தாய்வழி மரபணுவைப் பார்த்தபோது, அது ஜாவா பான்டெங்கை விடக் காட்டுமாட்டுக்கே நெருக்கமாக இருந்ததாம். அதாவது, பார்வைக்கு ஒன்று போலத் தெரிகிற இரண்டும் வேறு வேறு சரித்திரத்தைச் சுமக்கின்றன. ஜாவாவில் இருந்து கொண்டுவந்து சபாவை நிரப்பிவிடலாம் என்று யாராவது சுலபமாக முடிவெடுத்திருந்தால் அந்தச் சரித்திரம் அழிந்திருக்கும்.

கேன்டீனில் சாப்பிடும்போது கூப்ரே என்ற இன்னொரு காட்டு மாட்டினம் பற்றிச் சொன்னாள். கம்போடியாவின் தேசிய விலங்கு. பாரிஸ் மிருகக்காட்சிச் சாலைக்குப் போன கன்றை வைத்து 1937-இல்தான் உலகம் அதை ஒரு தனி இனமாக அறிந்தது. போர்களும் துப்பாக்கிகளும் வந்தன. உறுதியாகப் பார்த்துப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. 2006-இல் சில ஆய்வாளர்கள் அது தனி இனமே இல்லை, பான்டெங்கோடு கலந்த கலப்பு மாடு என்று எழுதினார்கள். அடுத்த வருடமே வேறு மரபணு ஆய்வு அதைத் தனி இனம் என்று நிறுவியது. மாடு போன பிறகு மாட்டுக்குச் சாட்சி சொல்ல எலும்பின் மரபணுதான் மிச்சம். எனக்கு நாசி லெமாக் இறங்கவில்லை.

கடைசியாக என் தொழிலுக்கு நெருக்கமான ஒன்று. 1980-இல் சான் டியாகோவில் செத்துப்போன பான்டெங் காளையின் செல்களை உறைய வைத்திருந்தார்கள். 2003-இல் அதில் இருந்து குளோனிங் செய்து, அமெரிக்காவில் வீட்டுப் பசுவின் வயிற்றில் கன்று பிறந்தது. என் கேனில் இருப்பதும் அதே மைனஸ் 196 டிகிரி நைட்ரஜன்தான். வாரிசு இல்லாமல் செத்த மாட்டின் வழியைத் திரும்பக் கொண்டுவர அது உதவும் என்றால், நான் அதை வரவேற்கிறேன். ஆனால் கேனுக்குள் மந்தை வளராது. அது மேய இடம் வேண்டும்.

நான்காம் நாள், பொங்கல்

ஒன்பதாவது மாடி பால்கனியில் கேஸ் அடுப்பில் பொங்கல். பெரியம்மா மஞ்சள் கொத்தைக் குக்கருக்கே கட்டிவிட்டார். பொங்கி வழிந்தபோது பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பிள்ளைகளும் சேர்ந்து கத்தின.

சாப்பிட்டுவிட்டுப் பெரியப்பாவிடம் 56, 58 கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ இங்க இருக்கறதுங்களையே ஒண்ணோட ஒண்ணு சேர விடணும், அதானே?" அதேதான். மத்தியப் பிரதேசத்தில் அதைச் செய்தார்கள். பாந்தவ்கரில் காட்டுமாடு முற்றிலும் இல்லாமல் போன பிறகு, 2011-இலும் 2012-இலும் கன்ஹாவில் இருந்து 50 மாடுகளை லாரியில் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது அங்கே மந்தை பெருகியிருக்கிறது. மலேசியாவில் தீபகற்பத்தின் நடுக்காடுகளை மறுபடி இணைக்க ஒரு பெருந்திட்டம் இருக்கிறது. கென்யிர், கெரிக் பக்கம் சாலையைத் தூண்கள் மேல் உயர்த்திவிட்டார்கள். மேலே லாரி போகும், கீழே விலங்கு போகும். தலைமுறைக்கு ஒரு புது மாடு வந்து சேர்ந்து கன்று போட்டாலே, பிரிந்த மந்தைகள் முற்றிலும் அந்நியமாகிவிடாது என்பது மரபியலில் பழைய கணக்கு. ஒரே ஒரு மாடு! அது நடந்து வர ஒரு பாலத்தடி.

ஐந்தாம் நாள், மாட்டுப் பொங்கல்

கோயில் வாசலுக்கு ஒருவர் ஒரு பசுவையும் கன்றையும் லோரியில் ஏற்றி வந்திருந்தார். நகரத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று பயந்து பயந்து வாழைப்பழம் கொடுத்தார்கள். கொம்புக்கு மஞ்சள் பூசும்போது நான் பழக்கதோஷத்தில் பசுவின் பல்லைப் பார்த்தேன், மடியைத் தொட்டேன். எந்த இனம் என்று சொல்ல முடியவில்லை. காது ஒரு மாதிரி, திமில் ஒரு மாதிரி, நெற்றி வேறு மாதிரி.

நம் ஆட்கள் கூலிகளாகக் கப்பலேறி வந்த காலத்தில் மாடுகளும் வந்தன. காங்கேயம் போல, சிந்தி போல, இன்னும் என்னென்னவோ. லயத்துப் பின்னால் கொட்டகை போட்டு, பால் கறந்து, சைக்கிளில் விற்றார்கள். பெரியப்பாவின் அப்பாவும் செந்தூல் வந்த பிறகு அப்படித்தான் பிழைத்தார். அந்த மாடுகள் தலைமுறை தலைமுறையாகக் கலந்து, இந்த வெயிலையும் உண்ணியையும் தாங்கித் தனி வகையாகிவிட்டன. உள்ளூர் இந்தியப் பால்மாடு என்றே இங்குள்ள கால்நடைத் துறையினர் அதைத் தனியாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் எல்ஐடி. எந்தச் சீமைப் பசுவிடமும் இல்லாத ஏதோ ஒன்று இதன் ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் தோட்டங்கள் கலைந்தன, ஆட்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள், கொட்டகைகள் போய்விட்டன. காட்டு மாட்டைப் பற்றி இத்தனை கவலைப்பட்ட எனக்கு, இந்தப் பசுவைப் பார்த்ததும் இதையும் யாராவது எண்ணுகிறார்களா என்று மனம் அடித்துக்கொண்டது. கன்று கிடேரி. கொண்டுவந்தவரிடம், இதன் தகப்பன் எது என்று கேட்டேன். கிள்ளானில் தெரிந்தவரின் காளை என்றார். "அடுத்த தடவை வேற காளைக்கு விடுங்கண்ணே" என்றேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார், பிறகு என் வேலையைச் சொன்னதும் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்.

ஆறாம் நாள்

விமான நிலையம். தங்கை என் பையில் இருபது காலிக் குப்பிகளும் பஞ்சுக் குச்சிகளும் வைத்திருக்கிறாள். குன்னூர் சாணத்தை நான் அவளுக்கு அனுப்பப் போவதில்லை. அதற்கு அனுமதிகள் வேண்டும், அது அவளுக்கும் தெரியும். மேற்பரப்பின் பளபளப்பை எப்படிச் சுரண்டுவது என்று எங்கள் வனக் காவலர்களுக்குச் செய்து காட்டத்தான்.

நடைக்கதவு திறக்கக் காத்திருக்கும்போது என் மகன் ஒரு வீடியோ அனுப்பினான். இரவு, எங்கள் வீட்டுப் பின்புறம், பீன்ஸ் பந்தல். தெருவிளக்கு எரியவில்லை. டார்ச் அடிக்காமல் எடுத்திருக்கிறான், அதனால் திரை முழுக்க இருட்டு. உற்றுப் பார்த்தால் அடியில் வெள்ளையாக ஏதோ அசைகிறது. நாலு. பின்னால் சின்னதாக இன்னொரு நாலு.

பெரியப்பாவுக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடம் கழித்துக் குரல் பதிவு வந்தது. முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "இதேதாம்மா" என்றார். "காலு மட்டும்தான்."